ஒப்படைக்கும் முன்

ஐந்தே கால்.
லாபெய் துறையில் ஏரி இன்னும்
மூட்டத்துக்குள் கிடக்கிறது.
ஜூலைதான், என்றாலும் ஜூரா மலையின் இந்த உயரத்தில்
படகுத்துறைப் பலகை காலைக் கடிக்கும்.
வாகீசனின் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு,
கழுத்தில் கமராவோடு இறங்கி வந்தேன்.

பதினொரு மாதம் நான் எடுப்பது சேதம்.
லொசானில், காப்புறுதிக் கொம்பனியின் பின்முற்றத்தில்
நசுங்கிய கதவு, உடைந்த விளக்கு,
மான் மோதிய முன்தகரம், மயிர் ஒட்டியபடி.
தூர நின்று ஒன்று.
கிட்டப் போய் ஒன்று,
பக்கத்தில் அளவுகோல் வைத்து.
அழகாக வந்துவிட்டால் மேலதிகாரி திருப்பி அனுப்புவார்:
சூரியன் எதற்கு இதற்குள்?

அந்தக் கண்ணோடுதான் வந்து நிற்கிறேன்.
நாணலைப் பார்த்தால் மூன்று முறிந்திருக்கிறது.
அல்லி இலையில் எதுவோ தின்ற ஓட்டை.
கரை மரம் ஒன்றில் மின்னல் இழுத்த கோடு
உச்சியிலிருந்து வேர்வரை, பழையது.
இதற்கெல்லாம் நட்டஈடு யார் கேட்பது,
எந்தப் பக்கம் பிழை?

பிறகு, ஒரு நாணல் தண்டில்,
தும்பி கழற்றிவிட்டுப் போன கூடு.
முதுகில் நீளப் பிளவு.
கால்கள் ஆறும் தண்டை இறுக்கிப் பிடித்தபடி.
உள்ளே ஆளில்லை.
தூர நின்று ஒன்று. கிட்டப் போய் ஒன்று.
பழக்கத்தில் சுண்டுவிரலை அளவுகோலாக நீட்டினேன்.
ஒன்பது வருட வேலையில்
இப்படியொரு முழுச்சேதம் பார்த்ததில்லை:
வண்டி பிளந்து கிடக்கிறது,
ஓட்டியவர் வானத்தில்.

மேலே கார்க்கதவு அடிபடுகிறது.
கூடாரப் பையை மூன்றாம் தரமும்
வெளியே எடுக்கிறான் வாகீசன்.
கடல்வரை எழுநூறு கிலோமீட்டர்.
வாந்திக்கு வைத்த பைகளை
ஊர் கேட்க எண்ணுகிறாள் ஆரபி:
"எட்டு. காணுமோ அப்பா?"
"போறதுக்குக் காணும். வாறதுக்கு அங்க வாங்குவம்."

அப்போதுதான் வந்தது முக்குளிப்பான்,
கொண்டை வைத்தது.
முதுகில் இரண்டு குஞ்சு,
முகமெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடு,
சிறை உடுப்பைத் தலைவரை இழுத்துப் போர்த்த மாதிரி.
மூட்டம் அதற்கு வழிவிட்டது என்று எழுத ஆசை.
வழிவிடவில்லை.
கமரா முன்னும் பின்னும் தேடித் தடுமாறி
கடைசியில் ஒரு நாணலைப் பிடித்துக்கொண்டது.
பதினேழு படம். பதினேழிலும்
அதே நாணல், நரம்பு தெரிய.
பின்னால் ஒரு சாம்பல் கறை
தன் பிள்ளைகளைச் சுமந்து போகிறது.

ஏழரைக்கு மதாம் ரொஷா, கையில் பட்டியலோடு.
கரண்டி ஆறு. கோப்பை ஐந்து;
ஆறாவதின் காது போன வருடமே போனது,
அது உங்கள் கணக்கில்லை என்றார்.
போர்வை நாலு. திறப்பு இரண்டு.
பேனாவோடு ஜன்னலில் நின்று பார்த்தேன்.
ஏரி பட்டியலில் இல்லை.
வந்த அன்று அது எப்படி இருந்ததென்று
நான் ஒரு படமும் எடுக்கவில்லை.
இன்று எடுத்தவற்றில்
எந்த முறிவு முன்னையது,
எது நாங்கள் ஐந்து நாள் குதித்துக் கலக்கியது?
கையெழுத்து வைத்தேன்.

வாடகைக் கார். வெளிக்கிடமுன்
நாலு பக்கமும் எடுக்க வேண்டும், விதி அப்படி.
முன். பின். இடம்.
வலப்பக்கக் கதவின் பளபளப்பில்
மூட்டம் கலைந்த ஏரி முழுதாய் விழுந்திருந்தது,
தகரத்தின் வளைவுக்கு வளைந்து.
நடுவில் கமராவால் முகம் மூடிய ஒருத்தி,
அளவில்லாத சப்பாத்து,
ஒரு கயிறு அவிழ்ந்து தொங்கியபடி.
சூரியனும் இருந்தது அதற்குள்.

"கீறல் ஏதும் இருக்கோ?" என்றான் வாகீசன்.

பெருப்பித்துப் பார்த்தேன்.
"வலப்பக்கம் ஒண்டு. சின்னன்தான்" என்றேன்.
"நீ காரை எடு."